ஏட்டில் வாழும் முன்னோர்

எழுத்தறியா ஏழையின் வரலாற்றை எங்ஙனம் அறிவது? ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேய உழவுத் தொழிலாளியைத் தேடும் வழித்தோன்றல்கள், முதலில் அவன் பிறந்த சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டையே நாடுவர். 1538ஆம் ஆண்டு ஆணையின்படி திருமுழுக்கு, திருமணம், நல்லடக்கம் ஆகிய மூன்றும் அதில் எழுதப்பெற்று வந்தன. 1754 முதல், கையெழுத்திட அறியாத மணமகன் தன் பெயரருகே ஒரு சிலுவைக் குறி இட்டான். பலருக்கு அக்குறியே எஞ்சிய ஒரே கைச்சுவடாகும்.

1830இல் தென்னிங்கிலாந்தில் குறைகூலியால் வாடிய உழைப்பாளிகள், தம் குளிர்காலப் பிழைப்பைப் பறித்த கதிரடிக்கும் பொறிகளை உடைத்தெறிந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 480 பேர் ஆஸ்திரேலியாவிற்கு நாடு கடத்தப்பட்டனர்.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். தானே விரும்பிக் குடியேறியவனைப் பற்றிக் கப்பற் பட்டியல் கூறுவன பெயர், வயது, தொழில் போன்ற சிலவே. கைதியைப் பற்றியோ உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பிறந்த ஊர் ஆகிய யாவும் எழுதப்பட்டுள்ளன. தப்பியோடினால் பிடிப்பதற்கென அதிகாரம் தீட்டிய அடையாளம், இன்று பேரப்பிள்ளைகளுக்கு முன்னோன் முகத்தைக் காட்டுகிறது!

கைதியின் வழிவந்தோர் அப்பிறப்பை இழிவெனக் கருதி நெடுங்காலம் மறைத்தனர். அக்கைதிகளின் பதிவேடுகளையே 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. எனினும், பதிவேடு குற்றத்தை எழுதிற்றேயன்றிப் பசியை எழுதவில்லை. அதனையும் சேர்த்துப் படிப்பதே முன்னோர்க்கு நாம் செய்யும் நீதியாகும்.