ஏழு வாக்கில் ஒதுங்கிய அமெரிக்கா

போரில் வென்ற நாடு அமைதியைக் காக்கும் பொறுப்பிலிருந்து விலகுவது உண்டா? முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா விலகிற்று. அந்நாட்டு மக்களின் தன்னலமே காரணம் என்பார் பலர். நுணுகி நோக்கின், காரணம் அவ்வளவு எளிதன்று என்பது புலனாகும்.

அயல்நாடுகளுடன் நிலையான கூட்டுறவு வேண்டா என்று 1796-இல் வாஷிங்டன் அறிவுறுத்தினார். அவ்வறிவுரையை ஒரு நூற்றாண்டுக்கு மேல் போற்றிய நாடு, 1917 ஏப்ரலில் ஐரோப்பியப் போரில் இறங்கி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீரரை இழந்தது. இனி அத்தகைய போர் நேராதிருக்க, அதிபர் வில்சன் சர்வதேச சங்கத்தை அமைக்க முனைந்தார். அதன் விதிகளை வெர்சேல்ஸ் உடன்படிக்கையிலேயே சேர்த்தார்.

உடன்படிக்கை நிறைவேறச் செனட் சபையில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். அங்கே தடையாய் நின்றது சங்கத்தின் பத்தாம் விதி. உறுப்பு நாடொன்று தாக்கப்பட்டால் மற்றவை அதன் எல்லையைக் காக்க வேண்டும் என்றது அது. அவ்வாறாயின் அமெரிக்க இளைஞரைப் போருக்கு அனுப்புவது யார்? அந்நாட்டுக் காங்கிரஸா, ஜெனீவாவில் கூடும் அயலாரா? செனட்டர் லாட்ஜ் எழுப்பிய இக்கேள்வி வெறும் வீம்பு அன்று. காங்கிரஸ் இசைந்தாலன்றிக் கடமையில்லை என்பது முதலிய வரையறைகளுடன் ஏற்கலாம் என்றார் அவர்.

வில்சன் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று மக்களிடம் முறையிட்டார். 1919 அக்டோபரில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அந்நிலையிலும், வரையறைகளுடன் ஏற்பதை எதிர்க்குமாறு தம் கட்சியினரைப் பணித்தார். 1920 மார்ச் 19-இல் இறுதி வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழு வாக்குகள் குறைந்தன. எதிர்த்தவருள் 23 பேர் வில்சனின் கட்சியினரே! பெற்ற தந்தையே பிள்ளைக்குக் குழி தோண்டியது போலாயிற்று.

பின்னர்க் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1924-இல் கடுமையான குடிநுழைவுச் சட்டம். 1930-இல் உயர்ந்த சுங்க வரி. 1935 முதல் நடுநிலைச் சட்டங்கள். ஆயினும் வாணிகம் நிற்கவில்லை. மலாயா ரப்பரை மிகுதியாக வாங்கியது அமெரிக்காவே. உலகத்தின் பொருள் வேண்டும், பொறுப்பு வேண்டா என்னும் அந்நிலை 1941 டிசம்பரில் முடிவுற்றது. ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய அதே வேளையில் பேர்ல் துறைமுகமும் தாக்குண்டது.

1945 ஜூலையில் ஐக்கிய நாடுகள் சாசனத்தை அதே செனட் சபை 89-க்கு 2 என்ற வாக்கில் ஏற்றது. பாதுகாப்பு மன்றத்தில் ரத்து அதிகாரம் இம்முறை அமெரிக்காவுக்கு இருந்தது. லாட்ஜின் கேள்விக்கு விடை கிடைத்தது. அதற்குள் இன்னோர் உலகப் போர் நிகழ்ந்துவிட்டது.