மொட்டைமாடியில் ஒரு குட்டி ஊட்டி ரயில்: ஏறுறது ஈஸி... இறங்குறதுதான் மேட்டர்!

மாடல் ரயில் வாங்கி, தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, நாலு ரவுண்டு ஓட்டியாச்சு. அடுத்து என்ன தோணும்? 'இதை மேல ஏத்திப் பார்த்தா என்ன?' என்றுதான். செயற்கைக் குன்றோ, மாடித் தோட்டத்தின் செடித் தொட்டி மேடையோ... ஏதோ ஒன்று கண்ணில் பட்டுவிடும். ஆனால், சாதாரணத் தண்டவாளத்தில் அந்த ஆசை ரொம்ப தூரம் போகாது.

வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் உருள்கிறது. பிடிமானம் என்பது இன்ஜினின் எடை தருவது மட்டும்தான். அதனால் 4 சதவிகித ஏற்றம் வரைக்கும் பெரிதாகப் பிரச்னை இருக்காது. அதைத் தாண்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நிஜ ரயிலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். நம்ம நீலகிரி மலை ரயிலையே எடுத்துக்கோங்க. குன்னூரிலிருந்து ஊட்டி வரை ஏற்றம் சுமார் 4 சதவிகிதம்தான், அங்கே சாதாரண இன்ஜினே போதும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அது 8.33 சதவிகிதத்தைத் தொடுகிறது. அதாவது 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரம். அங்கேதான் தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டையும், இன்ஜினுக்கு அடியில் பல்சக்கரமும் கைகோக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் உருவாக்கிய முறை அது.

தோட்ட ரயிலுக்கும் இதே டெக்னிக் உண்டு. 1968-ல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் கொண்டுவந்த எல்.ஜி.பி வகை ரயில்களுக்கு (இப்போது மார்க்லின் கையில் இருக்கிறது) பிளாஸ்டிக் பல் பட்டை 30 செ.மீ. துண்டுகளாகக் கிடைக்கிறது. பல்சக்கரம் வைத்த இன்ஜின் தனியாக வாங்க வேண்டும். இந்த ஜோடி 25 சதவிகிதம் வரை ஏறும். நிஜ ஊட்டி ரயிலைப்போல மூன்று மடங்கு செங்குத்து!

ஒரு சுவாரஸ்யம். இந்த ரயில்களின் தண்டவாள அகலம் 45 மி.மீ., அளவு விகிதம் 1:22.5. இரண்டையும் பெருக்கினால் ஒரு மீட்டர் வரும். நீலகிரி ரயிலும் மீட்டர் கேஜ்தான். ஸோ, குட்டி ஊட்டி ரயில் ஓட்டணும்னா அளவு ரெடியாகவே இருக்கு.

கணக்கு போடாம கடப்பாரையைத் தொடாதீங்க

60 செ.மீ. உயரம் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4 சதவிகிதத்தில் 15 மீட்டர் தண்டவாளம் வேண்டும். 20 சதவிகிதத்தில் 3 மீட்டர் போதும் என்று கால்குலேட்டர் சொல்லும். அதை நம்பிவிடாதீர்கள்.

சமதளத்திலிருந்து ஒரே மடிப்பில் 20 சதவிகிதத்துக்குத் திரும்பினால், கீழ் முனையில் இன்ஜினின் மூக்கு தண்டவாளத்தில் இடிக்கும். மேல் முனை இன்னும் மோசம். இன்ஜின் மேட்டில் தொட்டில்போல ஆட, பல்சக்கரம் பட்டையை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும். பெட்டிகளின் கொக்கியும் கழன்றுவிடும். அதனால் 30 செ.மீ.க்கு 4 சதவிகிதம் வீதம் 4, 8, 12, 16 என்று ஏற்றத்தைக் கூட்டி 20-க்கு வாருங்கள். மேலே போனதும் அதே மாதிரி படிப்படியாகக் குறையுங்கள். இந்த இரண்டு வளைவுகளும் தலா 1.2 மீட்டர் நீளம், தலா 12 செ.மீ. உயரம். மிச்சம் 36 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர். மொத்தம் 4.2 மீட்டர். 15 மீட்டரோடு ஒப்பிட்டால் இது லாபம்தான்.

சரிவை அளக்க உங்க போனே போதும். லெவல் ஆப் பெரும்பாலும் டிகிரியில் காட்டும்: 4 சதவிகிதம் என்றால் 2.3 டிகிரி, 8 என்றால் 4.6, 12 என்றால் 6.8, 16 என்றால் 9.1, 20 என்றால் 11.3. போனை நேராகத் தண்டவாளத்தில் வைக்காமல், ஒரு நேரான ஸ்கேலின் மேல் வைத்து அளந்தால் கணக்கு துல்லியமாக வரும்.

இன்ஜின் எந்தப் பக்கம்?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில், எப்போதும் பள்ளத்துப் பக்கம். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ள வேண்டும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்க வேண்டும். ஊட்டி ரயிலும் கல்லாறு-குன்னூர் பாதையில் அப்படித்தான் போகிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மாடல் இன்ஜின்களில் பெரும்பாலும் வார்ம் கியர் இருக்கும். கரன்ட் நின்றாலும் அது தானாகப் பின்னோக்கிச் சுற்றாது. பல்சக்கரம் பட்டையில் மாட்டியிருக்கும்வரை இன்ஜின் சரிவில் அப்படியே நிற்கும். பெட்டிகளுக்கு அந்த பிரேக் கிடையாது. இன்ஜினை மேல் பக்கம் வைத்து இழுக்கும்போது ஒரே ஒரு கொக்கி கழன்றால் போதும், பெட்டி நேராகக் கீழே பாயும். கீழே மாடிக் கைப்பிடிச் சுவரோ, பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கையோ இருக்கலாம். நிஜ ஊட்டி ரயிலில் இதற்காகவே பெட்டிகளில் பிரேக்மேன்கள் நிற்கிறார்கள். உங்க பெட்டியில் யாரும் நிற்கப்போவதில்லை.

தள்ளுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீளமான ரயிலை வளைவில் தள்ளினால் நடுப்பெட்டி பிதுங்கி வெளியே வரும். அதனால் சரிவை முடிந்தவரை நேராகப் போடுங்கள். வளைத்தே ஆகணும் என்றால் பெரிய வளைவாக எடுங்கள். இரண்டு, மூன்று பெட்டிகளோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. தடம் மாற்றும் பாயின்ட்ஸைச் சரிவில் வைக்கவே வேண்டாம், சமதளத்தில் வையுங்கள்.

பல் மாட்டும் இடம்

பல் பட்டையைச் சரிவு தொடங்கும் இடத்தில் ஆரம்பிக்கக் கூடாது. இன்ஜின் சமதளத்தில் இருக்கும்போதே பல்லும் பல்லும் கோத்துக்கொள்ள வேண்டும். எனவே, பட்டையைச் சற்று முன்னதாகவே தொடங்கி, முதல் இரண்டு மூன்று பற்களை அரத்தால் லேசாகத் தேய்த்து உயரம் குறையுங்கள். நீலகிரிப் பாதையில் இந்த நுழைவுத் துண்டு ஸ்பிரிங்கில் அமர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் இன்ஜினை மெதுவாக உள்ளே விடுங்கள்.

த்ரீ-டி பிரின்டர் வைத்திருப்பவர்கள் 'பட்டையை நாமே அடிச்சுக்கலாமே' என்பார்கள். அடிக்கலாம். ஆனால் பல் இடைவெளி இன்ஜினோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். பி.எல்.ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால், நம்ம ஊர் மாடி வெயிலுக்கு ஏ.எஸ்.ஏ தான் பாதுகாப்பு.

வெயில், மழை, ஒரு டூத் பிரஷ்

பிளாஸ்டிக் பட்டை, பித்தளைத் தண்டவாளத்தைவிடப் பல மடங்கு விரியும். துண்டுகளை இறுக்கி முட்டவைத்தால் மதியம் நடுவில் புடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை இடைவெளி விடுங்கள். மொத்தத்தையும் ஒரே இடத்தில் விட்டால் அங்கே பல் வரிசை தப்பி இன்ஜின் துள்ளும். தண்டவாளமும் நாளாக நாளாகக் கீழ்நோக்கி நகரும், அதனால் கீழ் முனையைத் திருகு போட்டு அடித்தளத்தோடு பிணைத்துவிடுங்கள்.

மண் மேட்டின் மேல் நேரடியாகத் தண்டவாளம் வைப்பது வேஸ்ட். ஒரு நல்ல மழையில் ஜல்லி மொத்தமும் அடிவாரத்துக்கு வந்துவிடும். மண்சரிவால் நிஜ ஊட்டி ரயிலே மழைக்காலத்தில் அடிக்கடி ரத்தாவதைப் பார்க்கிறோமே! கான்கிரீட் சாய்தளமோ, கால் நட்ட பலகையோதான் சரி. தண்ணீர் வடிய வழி விடுங்கள்.

ஓட்டுவதற்கு முன் பட்டை முழுவதையும் பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு தடவை தேய்க்க வேண்டும். பற்களுக்கு நடுவே சிக்கிய ஒரு சின்னக் கல், ஒரு முருங்கை இலைக் காம்பு போதும், இன்ஜினைத் தூக்கிவிட. கிரீஸ் தடவாதீர்கள், மண்ணை அதுவே இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

முதல் டெஸ்ட்டுக்கு இன்ஜினை மட்டும் தனியாக ஏற்றி இறக்குங்கள். அப்புறம் சரிவின் நடுவில் கரன்ட்டை நிறுத்திப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் நின்றால், பெட்டியை மாட்டலாம்.