கல் (மூலத் திராவிடச் சொல்)

கல் என்பது, திராவிட பாஷைகளுக்கெல்லாம் தாயாயிருந்த மூல பாஷையில் வழங்கியதென மொழிநூலார் மீட்டமைத்துள்ள சொற்களுள் ஒன்று. அம்மூல பாஷைக்கு எழுத்துச் சான்று யாதும் இன்மையால், வழிமொழிகளின் ரூபங்களை ஒப்புநோக்கிப் பெற்ற இத்தகைய சொற்களுக்கு முன்னே உடுக்குறியிட்டு *கல் என எழுதுதல் மரபு. 1856இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் காட்டிய வழியில் உழைத்த பரோவும் எமனோவும், 1961இல் பதிப்பித்து 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பகராதியில் இதன் கிளைச்சொற்களை ஒருங்கே தொகுத்தனர்.

தமிழிலும் நீலகிரிக் கோத்தர் பேச்சிலும் இச்சொல் கல் என்றே நிற்க, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றில் ஈற்றில் உகரச் சாயல் பெற்றுக் கல்லு என ஒலிக்கிறது. தெலுங்கில் ராயி என்னும் வேறு சொல்லே வழக்கில் மேலோங்கியது. மத்திய இந்தியாவின் பர்ஜியில் இது கெல் ஆயிற்று. அம்மொழியில் பல் என்பதும் பெல் எனத் திரிந்திருத்தலின், இத்திரிபு தற்செயலன்று, நியதியே. எனினும் யாவற்றினும் வியக்கத்தக்கது, பலூசிஸ்தானத்தில் ஈரானிய பாஷைகளால் சூழப்பட்ட பிராகுயி மொழி இதனை ஃகல் எனக் காத்துவருவதாகும். இகரம் தொடராவிடத்துச் சொன்முதற் ககரம் அங்கே தொண்டையில் உராயும் ஒலியாகிறது. கண் என்பதும் அவ்வாறே ஃகன் ஆகும். குடுக்கு மொழியிலும் இம்மாறுதல் காணப்படுவது இவ்விரண்டன் உறவுக்கும் சான்று. பிராகுயியில் கலந்த ஈரானியச் சொற்கள் பெரும்பாலும் பலூசியிலிருந்து வந்தனவேயன்றிப் பண்டை அவஸ்தா காலத்தவை அல்லவாதலின், அம்மக்கள் பிற்காலத்தில் வடமேற்கே குடிபெயர்ந்தோரேயன்றிச் சிந்துவெளியின் எச்சமல்லர் என அறிஞர் சிலர் கருதுவர்.

தமிழகத்தில் இச்சொல்லின் பழைய சாசனச் சான்று, 2006இல் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகல்லில் உள்ளது. கள்ளக்குறிச்சிக்கு வடக்கே செங்கம் பிரதேசத்து நடுகற்களோ 1972இல் இரா. நாகசாமியால் நூலாக்கப்பெற்றுச் சரித்திர ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாயின.

கல்வராயன் மலைப்பெயரின் முதலுறுப்பு இச்சொல்லாகலாம். ஆயின் அம்மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியை இதனோடு இணைப்பது பொருந்தாது. கல், குறிச்சியோடு புணர்ந்தால் கற்குறிச்சி என்றே ஆகவேண்டும். மேலும் லகரமும் ளகரமும் மூல பாஷையிலேயே வேறுபட்ட ஒலிகள். குறிச்சியோ குறிஞ்சிநிலத்து ஊருக்குப் பழைய இலக்கணங்கள் வழங்கும் பெயர்.