வாலட்டை மீட்கும் பன்னிரண்டு சொற்கள்

பிட்காயின் வைத்திருப்பவரின் கையில் நாணயம் எதுவும் இருப்பதில்லை. வரவு செலவு முழுவதும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதியெடுக்கப்படும் ஒரே பேரேட்டில் இருக்கிறது. அதில் தன் பங்கைச் செலவழிக்க உதவும் ரகசிய எண், அதாவது சாவி, மட்டுமே உடையவரிடம் உண்டு. 256 பிட் நீளமுள்ள அந்த எண்ணைச் சாதாரண இலக்கங்களில் எழுதினால் 78 இலக்கம் வரை போகும். அது தொலைந்தால் மனு எழுதிப் போட்டு மறுநகல் வாங்க வங்கியோ தாலுகா ஆபீஸோ கிடையாது. எனவே 2009 ஜனவரியில் பிட்காயின் இயங்கத் தொடங்கியபோதே, சாவியை எங்கே பத்திரப்படுத்துவது என்ற கேள்வியும் பிறந்துவிட்டது.

முதல் சில ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த விடை மோசமானது. சாவிகள் எல்லாம் கணினியில் 'வாலட்.டாட்' என்ற ஒரே கோப்பில் கிடந்தன. சாவிகளை வைத்திருக்கும் மென்பொருளான வாலட் 100 சாவிகளை முன்கூட்டியே உருவாக்கி வைக்கும். அவை தீர்ந்ததும் புதியவற்றை உண்டாக்கும். பழைய நகலில் அந்தப் புதிய சாவிகள் இருக்காது. நகல் எடுத்து வைத்த கவனமானவரும் பணத்தை இழக்க நேர்ந்தது. வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவரின் சுமார் 8,000 பிட்காயின்களுக்கான சாவி இருந்த ஹார்ட் டிஸ்க், 2013-இல் குப்பைக் கிடங்குக்குப் போனது. கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2009-இல் அவர் நாணயம் சேர்க்கத் தொடங்கியபோது தாளில் எழுதி வைக்கும்படியான மீட்புச் சொற்கள் என்ற ஏற்பாடே இல்லை.

நீண்ட எண்ணைச் சொல்லாக்கி மனத்தில் நிறுத்தும் உத்தி மட்டும் மிகப் பழையது. தமிழகத்துக்கு அது நன்றாகவே பழக்கப்பட்டது. வாக்கியப் பஞ்சாங்கம் என்பதில் உள்ள 'வாக்கியம்' இந்த உத்தியைத்தான் சுட்டுகிறது. சந்திரன் 248 நாள்களில் நகரும் அளவுகளை 248 சிறு வாக்கியங்களாக்கி வைத்தனர். அவற்றை இயற்றியவர் வரருசி என்பது மரபு. கடபயாதி முறைப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. எழுத்துகளை இலக்கமாக்கித் திருப்பிப் படித்தால் எண் கிடைக்கும். கர்நாடக இசையில் முதற்பாடம் கற்கும் பிள்ளைகள் பாடும் மாயாமாளவகௌளை இதற்கு எளிய சான்று. 'மா' 5, 'யா' 1, திருப்பினால் 15. மேளகர்த்தா வரிசையில் அந்த ராகத்தின் எண் அதுவே.

இந்த முறை செயல்பட்டதை நேரில் கண்டு பதிவு செய்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பு வகித்த இவர், 1825-இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தத் தமிழர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான சொற்களிலிருந்து எண்களை எடுத்து, 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்ற அளவிலேயே பிழை வந்தது. கணக்கின் பின்னுள்ள வானியல் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. சொல் பிசகாமல் இருந்தால் போதும். ஓட்டோ நியூகெபாவர் 1952-இல் 'தமிழ் வானியல்' பற்றி எழுதிய ஆய்வுக்கு இந்தப் பதிவே அடிப்படை. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நாளை இன்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படிதான் குறிக்கிறார்கள்.

கணினி உலகம் இந்தக் கருத்துக்குத் தன் வழியில் வந்து சேர்ந்தது. 1995-இல் ஆவணமாக வெளியான எஸ்/கீ என்ற கடவுச்சொல் முறை, 64 பிட் எண்ணை 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு சொற்களாக்கியது. பிட்காயினுக்கு இதைக் கொண்டுவந்தவர் தாமஸ் வோக்ட்லின். 2011-இல் அவர் வெளியிட்ட எலக்ட்ரம் வாலட் 1,626 சொற்களிலிருந்து பன்னிரண்டைத் தந்தது. அந்தப் பன்னிரண்டும் ஒரு விதை எண். வாலட்டின் சாவிகள் எல்லாம் அதிலிருந்தே முளைக்கும். வாலட்.டாட் கோப்பின் நகல் பழசாகிப்போகும் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. ஒரே விதையிலிருந்து கிளைகிளையாகச் சாவி எடுக்கும் பொதுவிதியை 2012-இல் பீட்டர் வூலே எழுதினார். 2013 செப்டம்பரில் மாரெக் பலாட்டினஸ், பாவல் ருஸ்னாக், ஆரன் வாய்சின், ஷான் போ ஆகிய நால்வரும் முன்வைத்த 'பிப் 39' என்ற முன்மொழிவு பெரும்பாலான வாலட்களுக்குப் பொதுமுறையாயிற்று.

பிப் 39-இன் கட்டுமானம் அழகானது. பட்டியலில் 2,048 சொற்கள். 'அபாண்டன்' என்ற முதற்சொல்லுக்கு 0, 'ஜூ' என்ற கடைசிச் சொல்லுக்கு 2,047. ஒரு சொல் 11 பிட். பன்னிரண்டு சொற்கள் 132 பிட். இதில் 128 பிட் விதைக்கு. மிச்சம் 4 பிட் சரிபார்ப்புக்கு. தாறுமாறாகப் பன்னிரண்டு சொற்களைக் கோத்தால் பதினாறில் ஒன்றுதான் செல்லும். ஆங்கிலப் பட்டியலில் எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. ஜப்பானிய, கொரிய, செக் மொழிகளிலும் பட்டியல் உண்டு. தமிழில் மட்டுமல்ல, எந்த இந்திய மொழியிலும் இல்லை. கடபயாதி பிறந்த நாட்டுக்கு இது ஒரு குறைதான்.

தம்மம்பட்டியில் ஒரு வீட்டுப் பீரோவில் 2014-இல் எழுதிய தாள் ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது, சொற்கள் எந்தப் பட்டியலைச் சேர்ந்தவை என்பது. பழைய எலக்ட்ரம் சொற்களைப் பிப் 39 வாலட் ஏற்காது. மை மங்கி வால் எழுத்துகள் அழிந்திருந்தால் கவலையில்லை. முதல் நான்கே போதும். ஒரு சொல் முழுதாக இல்லையென்றால் 2,048 சொற்களையும் பொருத்திப் பார்க்கலாம். சரிபார்ப்பில் தேறும் சுமார் 128-ஐப் பேரேட்டோடு ஒப்பிட்டால் விடை வந்துவிடும். இரண்டு சொற்கள் போயிருந்தால் 41,94,304 வாய்ப்புகள். சொற்கள் இருந்து வரிசை மட்டும் குலைந்திருந்தால் 47,90,01,600 வரிசைகள். அதையும் கணினி முடித்துவிடும். நான்கைந்து சொற்களே இல்லையென்றால் சாதாரணக் கணினியில் தேடுவது வீண்.

சொற்கள் சரியாக இருந்தும் இருப்பு பூஜ்யம் என்று காட்டுவதும் உண்டு. அந்தக் காலத்து முகவரிகள் '1' என்று தொடங்கும். இன்றைய செயலிகள் சில, 'பிசி1' என்று தொடங்கும் புதிய கிளையை மட்டும் தேடிவிட்டு நின்றுவிடும். பழைய கிளையைத் தேடச் சொன்னால் பணம் தென்படும். பன்னிரண்டோடு கூடுதலாக ஒரு ரகசியச் சொல் சேர்த்திருந்தால் நிலைமை கடினம். தவறாகத் தட்டினாலும் பிழை என்று சொல்லாமல், வேறொரு காலி வாலட்டைத் திறந்து காட்டும்.

கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் சந்தை நிறுவனங்களில் கணக்கு வைப்பவருக்கு இந்தச் சொற்கள் கொடுக்கப்படுவதில்லை. சாவி நிறுவனத்திடமே இருக்கும். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் நிறுவனத்தில் நடந்த சைபர் திருட்டுக்குப் பிறகு, 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயம் முடங்கிப்போன முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். கிரிப்டோ நாணயம் சொத்து என்றும், அதை ஒருவர் உடைமையாக அனுபவிக்கவும் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்றும் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார்.

சொத்து என்றால் அது வாரிசுக்கும் போகும். வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்பதைச் சொல்லும். ஆனால் தொலைந்துபோன பன்னிரண்டு சொற்களை எந்த நீதிமன்றமும் எழுதித் தர முடியாது. பழைய தாள் கிடைத்தவர்கள் அதைப் போட்டோ எடுக்கவோ, மீட்டுத் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாதவரிடம் படித்துக் காட்டவோ கூடாது. இணையத்தோடு இணைக்காத கணினியில் தாங்களே முயல வேண்டும்.