பாறையில் முளைத்துப் பாலில் உறைவது

நோன்பு மாதம் வந்தால் பக்கத்து வீட்டு அக்கா ஒரு எவர்சில்வர் தட்டை மூடி அனுப்புவார். திறந்தால் கடல்பாசி. கீழே ரோஸ் நிறம், மேலே பால் வெள்ளை, சாய்சதுரமாக வெட்டிய வில்லைகள். ஜெலட்டின் போட்டு உறையவைத்த புட்டிங் நாக்கின் சூட்டிலேயே கரைந்துவிடும். இது கரையாது. பல் பட்டதும் நறுக்கென்று உடைந்து, பாலின் குளிர்ச்சியைத் தொண்டைக்குள் இறக்கும்.

இதைச் செய்யக் கடையில் கேட்டால் 'சைனா கிராஸ்' பொட்டலத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இது புல் அல்ல; கடல்பாசியிலிருந்து எடுப்பது. அந்தப் பாசி சீனாவில் மட்டும் விளைவதும் அல்ல. நம் மன்னார் வளைகுடாவிலேயே, கடலுக்கடியில் பவளப் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. கரையோர மக்கள் அதற்கு வைத்த பெயர் மரிக்கொழுந்துப் பாசி. அதன் பக்கத்திலேயே வளரும் இன்னொன்று கஞ்சிப் பாசி. அதைக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்த பழக்கத்தைப் பெயரே சொல்லும்.

பாசி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ராமநாதபுரம் கரையிலிருந்து படகேறித் தீவுகளின் பக்கம் போய், புடவைக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார்கள். கல்லில் கிழியாமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருக்கும். மூச்சடக்கி மூழ்கி, தடவிப் பிடுங்கி, மேலே வந்து ஒரு மூச்சு வாங்கி, மறுபடி மூழ்குகிறார்கள். அந்த 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானதிலிருந்து அங்கே போவதே சிக்கலாகிவிட்டது. ஆனாலும் பாசி அழியக் கூடாது என்று மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பதெனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்களே. இவர்களில் ஒருவரான, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்தபோதுதான் வெளியுலகம் இவர்கள் பக்கம் கொஞ்சம் திரும்பியது.

கரையில் காய்ந்த பாசி மூட்டை மூட்டையாக மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கழுவி, வேகவைத்து, சாறு வடித்து ஆறவிட்டால் களியாக உறைகிறது. அதைக் குளிரறையில் பனிக்கட்டியாக்கி மறுபடி உருகவிட்டால் நீர் வடிந்துபோய், நார் போன்ற அகர், அதாவது கடையில் கிடைக்கும் சைனா கிராஸ், மட்டும் மிஞ்சுகிறது. இந்த வித்தை ஜப்பானில் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில், கியோட்டோவை அடுத்த ஃபுஷிமியில் விடுதி நடத்திய மினோ தாரோசாயெமோன், மிஞ்சிய பாசிக்களியைப் பனிக்காலத்தில் வெளியே கொட்டினாராம். இரவில் உறைந்து, பகலில் உருகி, சில நாளில் அது காய்ந்த சருகாகக் கிடந்ததாம். நீரில் போட்டுக் காய்ச்சினால் மறுபடி களியானது என்று அங்கே கதை சொல்வார்கள். ஜப்பானில் அதற்குப் பெயர் கான்டென், அதாவது குளிர்வானம். அங்கே வானம் இலவசமாகச் செய்த வேலையை மதுரை வெயிலில் குளிரறை செய்கிறது.

அகர் என்பது மலாய்ச் சொல். ஜாவாவில் வாழ்ந்து நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்கள் அதை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படித் தெரிந்துகொண்டவர் ஃபேனி ஹெஸ்ஸே. ஜெர்மனியில் அவர் கணவர் வால்டர், கிருமிகளை ஜெலட்டின்மேல் வளர்க்கப் படாதபாடு பட்டார். உடல் சூட்டில் ஜெலட்டின் உருகிவிடும். சில கிருமிகள் அதைத் தின்று நீராக்கிவிடும். கோடையிலும் உங்கள் ஜெல்லி மட்டும் எப்படி நிற்கிறது என்று மனைவியிடம் கேட்டார். அகர் என்றார் ஃபேனி. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் கிருமிகள் வளர்வது அதன்மேல்தான். வால்டர் பணிபுரிந்த ஆய்வகத்தின் தலைவர் ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயர் அதில் இல்லை.

அந்த அகர்தான் நம் அடுப்பிலும் ஏறுகிறது. 10 கிராம் எடுத்துக் கிள்ளிப்போட்டு, ஒரு டம்ளர் நீரில் ஊறவிட்டு, ஒரு நார்கூடத் தெரியாதவரை காய்ச்ச வேண்டும். அரை லிட்டர் பாலைச் சர்க்கரை போட்டுத் தனியே காய்ச்சி, இரண்டும் சூடாக இருக்கும்போதே வடிகட்டிச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த பாலில் ஊற்றினால் அகர் பட்ட இடத்திலேயே திரிதிரியாக உறைந்துவிடும். தட்டில் ஊற்றி வைத்தால், ஃபிரிட்ஜில் வைக்கும் முன்பே, கை பொறுக்கும் சூட்டிலேயே இறுகத் தொடங்கும். மறுபடி உருக்க வேண்டுமானால் கிட்டத்தட்டக் கொதிக்கவைக்க வேண்டும். ஜெலட்டின் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதைத் தொடாதவர்கள் நோன்பு திறக்கும் வீட்டிலும் உண்டு, சைவ வீட்டிலும் உண்டு. இரண்டு வீட்டுக்கும் இது ஒத்துப்போகிறது.

போன வருடம் அக்காவிடம் செய்முறை கேட்டபோது, சைனா கிராஸ் எவ்வளவு போடுவீர்கள் என்றுதான் கேட்டேன். "கடல்பாசின்னு சொல்லும்மா" என்று திருத்தினார். திருத்தியது நல்லது. கடல் என்று ஒரு முறை வாயால் சொல்லிவிட்டால், துணி சுற்றிய அந்த விரல்கள் நினைவுக்கு வராமல் போகாது.