மேடு பள்ளம் படமான கதை



வயலில் தண்ணீரைத் திறந்து விட்டால் மேடு எது, பள்ளம் எது என்று தண்ணீரே சொல்லிவிடும். பரம்பு அடித்த பிறகும் ஒரு மூலையில் தண்ணீர் ஏறவில்லை என்றால், அங்கே இன்னும் ரெண்டு கூடை மண் வழிக்கணும் என்று நமக்குத் தெரிந்துபோகும். ஆனால் ஏரியைத் தூர்வார, ரோடு போட, புது வாய்க்கால் வெட்ட இப்படித் தண்ணீர் விட்டுப் பார்க்க முடியுமா? முடியாது. நிலத்தை அளந்து, அந்தக் கணக்கிலிருந்தே மேடு பள்ளத்தைப் படமாக்க வேண்டும். இன்று இதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. இந்த வித்தை எப்படி வளர்ந்தது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்து நாட்டில் ஷிஹாலியன் என்று ஒரு மலை இருக்கிறது. 1774-ஆம் ஆண்டு நெவில் மாஸ்கலின் என்ற வானநூல் அறிஞர் அங்கே போனார். பூமியின் எடையைக் கணக்கிட வேண்டும் என்பது அவர் நோக்கம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இருக்கிறதே, அதை ஒரு பெரிய மலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், மலை அதைத் துளியூண்டு தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பும் தெரிந்து, மலையில் எவ்வளவு கல்லும் மண்ணும் இருக்கிறது என்பதும் தெரிந்தால், பூமியின் எடையைச் சொல்லிவிடலாம்.

சர்வேயர்கள் மலை முழுக்கப் பல இடங்களில் உயரம் அளந்தார்கள். கணக்குப் போடும் பொறுப்பு சார்லஸ் ஹட்டன் என்ற கணிதப் பேராசிரியரிடம் வந்தது. படத்தைப் பார்த்தால், களத்தில் நெல் இறைத்த மாதிரி எங்கே பார்த்தாலும் எண்கள்! மலையின் உருவம் தெரியவில்லை. ஹட்டன் ஒரு காரியம் செய்தார். ஒரே உயரமுள்ள இடங்களை எல்லாம் கோட்டால் சேர்த்தார். உடனே மலையின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது. 1778-இல் தம் கணக்கை வெளியிட்டார். ஹாலந்து நாட்டில் அதற்கு முன்பே, 1730 வாக்கில், ஆற்றின் ஆழத்தை இப்படிக் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். இதற்குத்தான் சம உயரக் கோடு என்று பெயர். மானாவாரி நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே போடுகிறோமே சம உயர வரப்பு, அது அந்தக் கோடு தரையில் இறங்கினதுதான்.

அடுத்த கதை நம்ம சீமையில் நடந்தது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்பவர் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால், கூடவே வெப்பமானியும் வைத்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து, மலை, கோபுரம் என்று உயரமான இடங்களில் ஏறிக் கோணம் பார்த்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுக்க அளந்துகொண்டே போனார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டு கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. லாம்டன் அதைத் தாமே உட்கார்ந்து சரிசெய்து, வேலையைத் தொடர்ந்தார்.

ஏன் முக்கோணம்? முக்காலியைப் பாருங்கள், கரடுமுரடான தரையிலும் ஆடாது. கட்டிலுக்கு ஒரு கால் குட்டையானால் ஆடும். மூன்று புள்ளிகள் எந்தெந்த உயரத்தில் இருந்தாலும், அவற்றின் மேல் ஒரு பலகை கச்சிதமாக உட்காரும். கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. சர்வேயர் கொடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று மூன்று எண்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை முக்கோணமாகச் சேர்த்து, ஓடு வேய்ந்த மாதிரி நிலம் முழுக்கப் பலகை பாவி விடுகிறது. 20 மீட்டர் இடைவெளியில் ஒரு புள்ளி 48.20 மீட்டர் உயரம், இன்னொன்று 49.20 என்றால், 48.50 உயரக் கோடு தாழ்ந்த புள்ளியிலிருந்து 6 மீட்டர் தள்ளிப் போகும். கணக்கு அவ்வளவுதான்.

எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது? அதற்கு வழி சொன்னவர் சோவியத் நாட்டின் போரிஸ் டெலோனே. ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டு வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது என்றார். இது 1934-இல். இதனால் ஈர்க்குச்சி மாதிரி ஒல்லியான முக்கோணங்கள் குறைந்து, பக்கத்துப் புள்ளிகளே ஒன்று சேரும்.

1958-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் சார்லஸ் மில்லரும் லாஃப்ளாமும், ரோடு போடுவதற்காக நிலத்தை எண்களாகக் கம்ப்யூட்டருக்குள் வைக்கும் முறையை வெளியிட்டார்கள். 1970-களில் கனடாவில் தாமஸ் பாய்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் முக்கோண வலை முறையை உருவாக்கினார்கள். 1982-இல் ஆட்டோகேட் என்ற வரைபடப் புரோகிராம் மேசைக் கம்ப்யூட்டருக்கே வந்தது. பிறகு சர்வே வேலைக்கென்றே தனிப் புரோகிராம்களும் வந்தன.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டருக்குப் புள்ளிகள் தெரியும், நிலம் தெரியாது. ஒரு ஏரிக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கரைக்கு இந்தப் பக்கம் தரை 10 மீட்டர், அந்தப் பக்கமும் 10 மீட்டர், கரை உச்சி 12 மீட்டர். உச்சியில் ரொம்பத் தள்ளித் தள்ளிப் புள்ளி எடுத்திருந்தால், கம்ப்யூட்டர் இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் நேராகச் சேர்த்துவிடும். படத்தில் அந்த இடத்தில் கரையே இருக்காது! தண்ணீர் தாராளமாக ஓடுகிற மாதிரி காட்டும். வாய்க்காலுக்கும் இதே கதிதான், நடுவில் தூர்ந்துபோன மாதிரி தெரியும். இதற்கு மருந்து உண்டு. கரை உச்சி, கரை அடி, வாய்க்கால் ஓரம் இவற்றை வெறும் புள்ளியாக விடாமல் கோடாகவே கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி முக்கோணம் போகக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை.

இது காசு விஷயமும்கூட. தூர்வாரும் முன் ஒரு அளவு, வாரிய பின் ஒரு அளவு எடுத்து, இரண்டு பரப்புக்கும் நடுவில் உள்ளதுதான் வெட்டின மண் என்று கணக்குப் போடுகிறார்கள். முன் அளவில் ஏரிக்குள் இருக்கும் ஒரு பள்ளம் விட்டுப்போனால், வெட்டாத மண்ணுக்கும் கணக்கு ஏறிவிடும். ஒரு மேடு விட்டுப்போனால், வெட்டின மண்ணுக்கே கணக்கு வராது.

ஆகவே, உங்கள் ஊரில் ஏரிக்கோ ரோட்டுக்கோ அளக்க வந்தால், வேலி ஓரமாய் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். கூடவே நடந்து போங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வழியாய் வரும், எங்கே தேங்கும், புதருக்குள் மறைந்த பழைய மதகு எங்கே, மண் மூடின ஓடை எங்கே என்று காட்டுங்கள். "ஐயா, இந்த இடத்தையும் ஒரு புள்ளி எடுத்துக்குங்க" என்று சொல்லுங்கள். படம் தயாரானதும் சம உயரக் கோடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் சமதரை. உங்களுக்குத் தெரிந்த நிலத்துக்கும் படத்துக்கும் ஒத்துவராத இடம் இருந்தால், வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ரோட்டை உயர்த்திப் போட்ட பிறகு, தண்ணீர் போக வழியில்லாமல் பயிர் அழுகுகிறதே என்றால், அப்புறம் யாரைக் கேட்பது?