கந்தூரி இரவும் கேளாத குரல்களும்

இஸ்லாத்திற்கு முந்திய அரபியர், தாயிஃப் நகருக்கு அண்மையில் உக்காழ் என்னுமிடத்தில் துல்கஃதா மாதந்தோறும் பெருஞ்சந்தை கூட்டினர். சரக்கு விற்ற அச்சந்தையிலே கவிதையும் அரங்கேறிற்று. நாபிகா என்ற முதுபெருங் கவிஞருக்குச் செந்தோல் கூடாரம் ஒன்று அமைப்பர் என்றும், பல குலத்துக் கவிஞரும் அவர் முன் பாடித் தீர்ப்புப் பெறுவர் என்றும் அரபு இலக்கிய வரலாற்றாசிரியர் உரைப்பர். கன்ஸா என்னும் பெண் கவிஞர், மாண்டுபோன தம் உடன்பிறந்தாருக்காகப் பாடிய இரங்கற் பாவைக் கேட்டு நாபிகா வியந்து போற்றினாராம். அதனைப் பொறாத ஹஸ்ஸான் இப்னு ஸாபித் அவருடன் வாதிட்டாராம். அந்த ஹஸ்ஸானே பின்னாளில் பெருமானாரின் (ஸல்) அவைக் கவிஞரானவர். சந்தைக்குச் சென்ற ஒட்டகக்காரன், வாங்கிய பண்டத்தோடு, அதுவரை தான் கேட்டிராத கவிஞர் ஒருவரின் பெயரையும் ஊருக்குச் சுமந்து சென்றான்.

இவ்வரலாற்றை மாணவருக்கு ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் நம் நினைவு பொட்டல்புதூருக்குச் சென்றுவிடும்.

நெல்லையிலிருந்து பொருநைக் கரை முக்கூடலைக் கடந்து மேற்கே சென்றால், கடையத்தை எட்டுமுன் வருவது அவ்வூர். 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது; ஆயினும் நம் வாயில் அது நெல்லைச் சீமைதான். ஹிஜ்ரி 561இல் (கி.பி. 1166) பக்தாதில் மறைந்து அங்கேயே அடக்கமான முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பெயரால் இங்கே எழுந்தது இந்தத் தர்கா. கற்றூண் மண்டபங்களோடு கோயிற் கட்டடம் போன்றே தோன்றும். ரபீயுல் ஆகிர் மாதத்துக் கந்தூரிக்கு முஸ்லிம்களைப் போலவே இந்துக்களும் வருகின்றனர். கந்தூரி என்பது பாரசீகச் சொல். உணவு பரிமாற விரிக்கும் விரிப்பு என்பது அதன் முதற்பொருள். விரிப்பு விருந்தாயிற்று, விருந்து விழாவாயிற்று.

அவ்விரவுகளில் பாடியோர் யாவர்? முதலில் பக்கீர்மார். ரிஃபாயி, பானுவா, ஜலாலி, மதாரி எனத் தம்மைப் பிரித்துச் சொல்லும் இவர்கள், கையில் தாயிராவோடு ஊர் ஊராய்ச் செல்பவர்கள். தாயிரா என்னும் அரபுச் சொல்லுக்கு வட்டம் என்று பொருள்; வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய பறைக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களை ஏடறியாத பாமரர் செவிக்குக் கொண்டு சேர்த்ததில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. அடுத்து, பைத்துச் சபையார். பைத்து என்றால் வீடு. செய்யுளின் ஓரடிக்கும் அதுவே பெயர். பகலில் தறியிலும் பீடித் தட்டின் முன்னும் அமர்ந்திருந்தோர், இரவில் புர்தாவும் மௌலிதும் ஓதிப் பழகிய குரலால் தமிழும் பாடினர். விளம்பரம் கிடையாது. ஒரு மூலையில் குரல் எழும், கூட்டம் அப்பக்கம் சாயும், “எந்த ஊர்க்காரங்க?” என்று ஒருவர் மற்றவரைக் கேட்பார். அந்த ஒரு கேள்வியில்தான் புதியதொரு குழுவின் புகழ் தொடங்கும். விடியுமுன் யாரேனும் ஒருவர் தம் மகள் திருமணத்துக்கு அவர்களை அழைத்திருப்பார்.

இவர்கள் பாடியதன் வேர் ஆழமானது. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர் முஹம்மது அப்பாவின் ‘ஞானப்புகழ்ச்சி’யை, அவர் நினைவு நாளிரவில் தக்கலையில் இன்றும் கூடியிருந்து பாடுகின்றனர். நூற்றாண்டுகள் கடந்தும் ஒரு நூல் குரலிலேயே வாழ்வதற்கு அது சான்று. காயல்பட்டினத்துக் காசிம் புலவரோ, அருணகிரியாரின் சந்தத்தைக் கைக்கொண்டு நபிகள் நாயகத்தின் மீது ‘திருப்புகழ்’ பாடினார். அச்சந்தங்களை வாய்விட்டுப் பாடினாலன்றி அவற்றின் சுவை விளங்காது.

நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதி, மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம். கந்தூரிக்குச் செல்லலாகாது என்பது எம் ஆசிரியர் கட்டளை. வாப்பாவோடு உறவினர் வீட்டுக்குச் செல்வதாகச் சொல்லிப் பொட்டல்புதூருக்குச் சென்றோம். நள்ளிரவுக்குப் பின், மண்டபத்துக்கு அப்பால், மங்கலான விளக்கடியில் ஐவர் அமர்ந்து காசிம் புலவரைப் பாடினர். அந்நூலை அச்சில் முன்னரே படித்திருந்தோம். பல்லை உடைக்கும் எழுத்துக் கூட்டமென்றே எண்ணியிருந்தோம். தாயிராவின் தாளத்தில் அச்சொற்கள் தாமாகப் பிரிந்து, தாமாகப் பொருள்பட்டன. முதியவர் ஒருவர் அடியெடுக்க, மற்ற நால்வரும் ஏந்தினர். இளைஞர் ஒருவரிடம் யார் பாடுவதென்று வினவினோம். “வாப்பா பாடுவாஹ, நாங்க கூடச் சொல்லுவோம்” என்றார். ஊரின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டோம். மெட்டைக் குறித்துக்கொள்ள வேண்டுமென்று அன்று தோன்றவில்லை.

மார்க்க விவாதத்தை நாம் தவிர்க்க விரும்பவில்லை. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதை அபூபக்கர் (ரலி) கண்டித்தபோது, நபிகளார் (ஸல்) அவர்களைப் பாட விடுமாறு சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில், இசை கேட்டலின் ஒழுங்கு பற்றித் தனி நூற்பகுதியே வகுத்தார். காலம், இடம், கூடியிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டுமென்ற ஜுனைத் (ரஹ்) அவர்களின் கருத்தை அதில் எடுத்தாளுகின்றார். கந்தூரியில் இம்மூன்றும் எப்போதும் பொருந்தினவென்று நாம் வழக்குரைக்க மாட்டோம். கடை இரைச்சலும் வீண் செலவும் இருந்தன. அவற்றைக் கண்டித்த ஆலிம்கள் காரணமின்றிக் கண்டிக்கவில்லை. ஆனால் களையெடுக்கச் சென்றவர் சிலர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கினர்.

பாட்டின் மீதுள்ள ஐயம் மட்டுமே இக்குழுக்களைக் குறைத்துவிடவில்லை. ஒலிபெருக்கியும் இசைத்தட்டும், பின்னர் ஒலிநாடாவும் வந்தன. நாகூர் ஹனீபா (1925–2015) அவர்களின் வெண்கலக் குரல் தமிழ் பேசும் ஊரெல்லாம் ஒலித்தது. காயல் ஷேக் முஹம்மது அவர்களின் பாடல்கள் இல்லங்களில் நிறைந்தன. அப்பெருமக்களால் நம் சமுதாயம் பெற்ற இன்பத்தை யார் மறுப்பர்? எனினும் ஓர் ஊருக்கு ஒரு மெட்டு என்றிருந்த நிலை மாறி, எல்லா ஊருக்கும் ஒரே மெட்டு என்றாயிற்று. பந்தலில் நாடா சுழலும்போது, ஐவர் குழுவுக்கு அழைப்பு எதற்கு?

பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுவோர், பாடலின் தலைப்பில் ‘இன்ன மெட்டு’ என்று ஒரு வரி அச்சிட்டிருப்பதைக் காண்பர். அந்நாளில் யாவரும் அறிந்த பாட்டொன்றின் முதலடி அங்கே இருக்கும். அச்சுக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. மீதியைப் பாடுவோர் வாய் காத்தது. இன்று அந்த முதலடியைப் படிக்கின்றோம், ஓசை தெரியவில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அக்குழுவைத் தேடி அவ்வூருக்குச் சென்றோம். முதியவர் மறைந்திருந்தார். அன்று எமக்கு விடை தந்த மகன் பீடிக் கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வாப்பாவின் நூலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார், விரித்துக் காட்டினார். பாடுமாறு வேண்டினோம். முதலடியை எடுத்தார், இரண்டாமடியில் நின்றார். மீண்டும் எடுத்தார், மீண்டும் அங்கேயே நின்றது. “ஏந்துறதுதான் எங்களுக்குத் தெரியும், எடுக்கிறது வாப்பாதான்” என்றார்.

சென்ற கந்தூரிக்கு எம் மாணவர் ஒருவரை நாமே அனுப்பி வைத்தோம். பக்கீர் ஒருவர் தாயிராவோடு பாடிய மூன்று பாடல்களைக் கைப்பேசியில் பதிந்து கொணர்ந்தார். பாடியவரின் பெயரையும் ஊரையும் கேட்டெழுதி வந்திருந்தார். மூன்றில் இரண்டு நாம் இதுவரை கேளாதவை.